பதிமூணாவது இலை

"அந்தப் பொண்ணு மட்டும் நம்ம வூட்டுப் படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

கரண்டியோடு நின்று அருள்மேரி சொன்ன விதத்தில், மகள் ஜோவிதா ஓர் எட்டு பின்னால் போனாள்.

பத்தாவது படிக்கும் பெண். அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "இவ எழுந்து நடந்தா பதிமூணு புள்ளைங்களுக்கு என் கையால சோறு போடறேன்" என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள் அருள்மேரி. போன வாரம் ஆறு மாத மாத்திரை முடிந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே இந்தப் பக்கமே வராதே" என்று சொல்லி அனுப்பினார்.

இன்று பூசை முடிந்து வந்த கையோடு வாசலில் பாய் விரித்தாகிவிட்டது. பிரியாணி வாசனை ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் போயிருக்கும். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாயிற்று. பதிமூணாவது ஆளில்தான் சண்டை.

"கவியா என் பெஸ்ட் ஃபிரண்டுமா."

"ஃபிரண்டா? நீ படுத்துக் கெடந்தப்போ ஒரு தபா வந்து எட்டிப் பாத்தாளா?"

"நீதானே யாரையும் உள்ள வுடல?"

"சரி, அத்த வுடு. அவளுக்கு டிபியாம்டி! பக்கத்து வூட்டு லோகேஷ் அம்மா சொன்னாங்க. அவளே படம் படமா வரைஞ்சு போன்ல போட்டுக்கினு கீறாளாம். இப்பதான் நீ தேறியிருக்கே. மறுபடியும் எதையாவது இழுத்துக்காதே."

"மா, நீயா இப்டிப் பேசறே?"

"ஆமா, நான்தான். வேணும்னா பார்சல் கட்டித் தரேன். கேட்டாண்டயே குடுத்து அனுப்பிடு."

ஜோவிதா போனைத் திறந்து அம்மாவின் கையில் திணித்தாள். "இத்த முழுசாப் பாரு. அப்புறம் பார்சல் கட்டு."

'இருபத்தாறு வாரம்' என்று தலைப்பு. கவியா போனில் விரலாலேயே வரைந்த காமிக்ஸ். வாரத்துக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடமே படிக்கிறது. டிபி வந்த பெண்ணுக்குச் சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம், பெயரும் கவி. சாட்சாத் அவளேதான்.

அருள்மேரி வேண்டாவெறுப்பாகப் பக்கங்களைத் தள்ளினாள்.

முதல் வாரம். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. என்னவோ ஏதோ என்று அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ஒன்பதாம் வாரம். குமட்டுகிறது என்று மாத்திரையை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். கண்டுபிடித்த அம்மா அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அடிக்காமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

கவியா வீடு தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். சுவர் முழுக்க முருகன்தான். அங்கே ஏது மாதா படம்?

பதினான்காம் வாரம். கம்பெனி கேன்டீனில் கொடுத்த முட்டையைத் தான் தின்னாமல், டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துக் கொண்டுவருகிறாள் அம்மா. அந்த மூடியில் ஒரு நசுங்கல்.

அருள்மேரியின் விரல் நின்றது.

"இது நம்ம வூடாச்சேடி!"

"ஆமா. தெனமும் போன் பண்ணி எல்லாம் கேப்பா. மாத்திரை போட்டாதான் அடுத்த பக்கம் வரைவேன்னு மெரட்டுவா."

"அப்ப எதுக்கு அவ மூஞ்சிய வரைஞ்சா?"

"நான் ஸ்கூலுக்குப் போகாத ரெண்டாவது வாரம் லோகேஷ் கிளாஸ் குரூப்ல கேட்டான், 'ஜோவிதா இருமிக்கினே இருந்தாளே, இன்னா வியாதி?'ன்னு. ஆளாளுக்கு ஏதேதோ போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே கவியா மொதல் பக்கத்தைப் போட்டுட்டா. அதுக்கப்புறம் யாருமே என்னைப் பத்திக் கேக்கல. இப்ப அவ கடைசி பெஞ்சுல தனியா உக்காந்துக்கினு கீறா. அவ தண்ணி பாட்டிலக்கூட யாரும் தொடறதில்ல."

"என்னாண்ட ஏன்டி சொல்லல?"

"ஊருக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லு, வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்னு நீ அழுதியேமா. அத்த அவளாண்ட சொன்னேன். 'இந்தப் படத்தப் பத்தி அம்மாட்ட சொல்லிராத, பயந்துருவாவ'ன்னுட்டா."

அருள்மேரி அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் அந்தோணியாரிடம் சொன்ன நன்றியில் பாதி இந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது.

"ஆன்ட்டி..."

கவியா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில்.

"ஜோவிதா கூப்பிட்டா. பார்சலாக் குடுத்தாலும் போதும் ஆன்ட்டி, நான் வீட்டுல போயி சாப்பிட்டுக்கிடுதேன்."

அருள்மேரி கேட்டைத் திறந்தாள். கவியாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். பதிமூணாவது இலையைப் பந்தியின் முதல் இலையாகப் போட்டு, அதன் முன்னால் அவளை உட்கார வைத்தாள்.

மகன் லோகேஷோடு வந்திருந்த பக்கத்து வீட்டு சுகப்பிரியா பதறிப்போனாள்.

"அருளு! இன்னா பண்றே நீ? அந்தப் பொண்ணுக்கு டிபி! புள்ளைங்க சாப்புடற எடம்!"

பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கவியா எழுந்திருக்கப் பார்த்தாள். அருள்மேரி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, முதல் முட்டையை அவள் இலையில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"டிபி வந்தது அவளுக்கு இல்லக்கா, என் பொண்ணுக்கு. பயமா இருந்தா சொல்லு, லோகேஷுக்குப் பார்சல் கட்டித் தரேன்."