ஈசான மூலையில் ஒரு கந்தல்

நான்காவது முறையாகக் குளத்து நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. மோட்டாரின் உறுமலைக் கேட்டபடி, இடுப்பில் கையூன்றி நின்றார் ஸ்வாமிநாதன். எழுபது வயதில் ஒரு மனிதன் ஒரே குளத்தை எத்தனை தடவைதான் கழுவுவான்?

"ஏன்னா, இன்னிக்கும் இறங்கப்படாதா?" சக்கர நாற்காலியிலிருந்து கேட்டாள் பட்டு.

"படாது. தண்ணிமேல பால் மாதிரி படிஞ்சிருக்கு பாரு. வாடை வேற."

"பாற்கடல்னு நெனச்சுண்டு இறங்கிடறேனே."

"பாற்கடல்லதான் ஆலகாலமும் வந்தது. பேசாம இரு."

மராத்தி ஊரான லோஹேகாவுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே எழும்பிய வீட்டு வரிசையில் அவர்களுடையது கடைசி வீடு. பக்கவாதத்தில் பட்டுவின் வலக்கால் செயலற்றுப் போனபின், "தினமும் தண்ணீருக்குள் நடந்தால் கால் திரும்பும்" என்றார் மருத்துவர். மகன் விச்சு கொல்லையில் இடுப்பளவு ஆழத்தில் இந்தச் சிறிய நீச்சல் குளத்தைக் கட்டித் தந்தான். அவள் வைக்கும் ஒவ்வோர் அடியையும் ஸ்வாமிநாதன் கரையில் நின்று உரக்க எண்ணுவார். தீபாவளியன்று நான்கு அடி. தை பிறந்தபோது பதினோரு அடி!

அப்போதுதான் மதிலுக்கு அப்பாலிருந்த மக்காச்சோளத்தில் புழு விழுந்தது. வயலுக்குச் சொந்தக்காரன் சோபான் மருந்தடிக்கத் தொடங்கினான். பதினொன்று, ஆறாகத் தேய்ந்தது.

"இவளுக்குத் தண்ணிதான் மருந்து. அந்தத் தண்ணியிலயே அவன் மருந்தடிக்கறான்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஸ்வாமிநாதனுக்கு அலுத்துவிட்டது. குளத்தைப் பராமரிக்கும் சுனிலும், "குளோரின் பாசிக்குத்தான் சார். இதுக்கெல்லாம் கேக்காது, கொட்டிடுங்க" என்று கைவிரித்துவிட்டான்.

மருந்து மட்டுமா? அடிக்கும் நாளெல்லாம் இன்னொரு அட்டகாசமும் உண்டு. விடியற்காலையில் ஸ்நானம் முடித்து, சூரியனை வணங்க அவர் கொல்லையில் வந்து நிற்பார். எதிரே, மதிலின் ஈசான மூலையில், மூங்கில் கழி ஒன்றின் நுனியில், கிழிந்த சிவப்புப் புடவைத் துண்டு ஆடிக்கொண்டிருக்கும். ஈசன் உறையும் திசையில், எவளோ உடுத்துக் கழித்த கந்தல்!

"சிவ சிவா!" என்று ஒரு குச்சியால் அதை நெம்பி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவார். மறுபடியும் தலைக்குக் குளித்த பிறகே பூஜையில் உட்காருவார். இன்று காலையும் அதே கதைதான்.

"செய்வினையா இருக்குமோன்னா?" என்று பட்டு ஒருநாள் பயந்தாள்.

"செய்வினையுமில்லை, ஒண்ணுமில்லை. திமிர்! நாம இங்கே வீடு கட்டிண்டது அவனுக்குப் பொறுக்கலை."

இடையில் ஒரே ஒரு தடவைதான் குளம் தப்பித்தது. அன்று ஸ்வாமிநாதன் ஜுரத்தில் படுத்திருந்தார். கொல்லைப் பக்கமே வரவில்லை. "பகவான் கண் திறந்தார்" என்றாள் பட்டு.

இன்று பொறுமை தீர்ந்துவிட்டது. வேளாண்மை அதிகாரிக்குப் புகார் எழுதிக் கையொப்பமிட்டார்.

"நேரா போய்க் குடுத்துடுங்கோளேன். அவன்கிட்ட எதுக்கு?"

"முதல்ல அவன் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டுத்தான் குடுப்பேன்."

வயல் கிணற்றடியில் மருந்தடிக்கும் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தான் சோபான். கழுத்தில் துளசி மாலை. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க காகா!" என்று சித்தப்பா முறை கொண்டாடி, மராத்தியும் ஹிந்தியும் கலந்து வரவேற்றான் அவன். "வீட்டுல காகூ எப்படி இருக்காங்க? நீங்க சத்தமா எண்ணுவீங்களே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே உங்க பாஷை வந்துடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு… பதினொண்ணு வரைக்கும் சொல்வேன். இப்ப ஏன் ஆறோட நிக்குது?"

"ஏன் நிக்குதா? துளசி மாலை போட்டுக்கொண்டு செய்கிற காரியமா இது? உன் விஷமெல்லாம் என் குளத்தில்தான் மிதக்கிறது!"

சோபானின் முகம் செத்துப்போனது.

"தண்ணியிலயா? காகூ நடக்கிற தண்ணியிலயா?" ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அது நடக்கக் கூடாதுன்னுதானே காகா அந்தத் துணியைக் கட்டறேன்?"

"எந்தத் துணி?"

"உங்க மதில் மூலையில. என் வீட்டுக்காரியோட சிவப்புப் புடவையைக் கிழிச்சு முந்தின ராத்திரியே கட்டிடுவேன். ஆள் உயரச் சோளத்துக்குள்ள நின்னா காத்து எந்தப் பக்கம்னு தெரியாது காகா. அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பேன். உங்க பக்கமாச் சிவப்பு பறந்தா, உடனே பம்பை நிறுத்திடுவேன். ஒண்ணும் பறக்கலைன்னா காத்தே இல்லைன்னு நம்பி அடிச்சுடுவேன். முடிச்சு வெளியே வந்து பார்த்தா, துணியே இருக்காது!"

ஸ்வாமிநாதன் புகார்க் காகிதத்தை மடித்து உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். வயற்காற்று அவருடைய வீட்டுப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை வந்தேன். பூஜையில இருக்கீங்க, இப்ப பார்க்க முடியாதுன்னு வாட்ச்மேன் கேட்லயே அனுப்பிட்டான். குரங்கு எடுக்குதுன்னு நெனச்சேன். ஆனா கழி கொஞ்சமும் சாயலை, முடிச்சோட உருவியிருக்கு. மனுஷக் கைதான்."

பம்பைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டான் சோபான்:

"நீங்கதான் விடியறதுக்குள்ள எழுந்துடுவீங்களே. கொஞ்சம் மறைஞ்சு நின்னு பார்த்துச் சொல்லுங்க காகா, நடக்க முடியாதவங்க தண்ணியில விஷத்தைக் கலக்கிற அந்தப் பாவி யாருன்னு!"