ஏசாயாவின் மனைவி

1994 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஏரலுக்குப் பக்கத்து ஊரில் புது ஆலயத்தின் பிரதிஷ்டை.

அந்த ஆலயத்துக்காகப் பத்து வருடம் அலைந்தவர் உபதேசியார் ஞானசிகாமணி. போன மாதம் அவர் ஓய்வு பெற, சபைக்குப் போதகராகப் புது ஐயர் வந்திருந்தார்.

"செங்கல் சுமந்தது நீங்க. கல்லுல பேரு புது ஐயருக்கா?" என்றாள் மனைவி எஸ்தர்பாய்.

"ஏசாயாவும் மீகாவும் ஒருத்தர் வருவாருன்னு சொன்னாங்க. பாக்காமலே போயிட்டாங்க. சொன்னது இயேசுவுல நிறைவேறிச்சுல்லா. வாரவருதான் பெரியவரு."

"ஏசாயாவுக்குப் பொண்டாட்டி இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டா."

"இருந்தாளே. அவளும் தீர்க்கதரிசிதான்."

"அப்போ நானும் ஒண்ணு சொல்லுதேன். புது ஐயரு இன்னைக்கு உங்க பேரை எடுக்க மாட்டாரு."

அவர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குக் கிளம்பினார்.

ஆராதனையில் புது ஐயர் பேராயருக்கும் இன்ஜினியருக்கும் பந்தல்காரருக்கும்கூட நன்றி சொன்னார். உபதேசியாரின் பெயரைச் சொல்லவில்லை.

முடிந்ததும் நேரே எஸ்தர்பாயிடம் வந்தார்.

"அம்மா, பெத்த அப்பாவைப் புகழுதான்னு சபையில பேசுவாங்க. அதான் விட்டுட்டேன்."

அவள் வாசலுக்கு நடந்தாள்.

வாசல் கல்லில் 'ஞா. எட்வின் ஐயர்' என்று வெட்டியிருந்தது. ஞானசிகாமணியின் பெயரில் அந்த ஆலயத்தில் இருப்பது அந்த முதல் எழுத்து மட்டும்தான்.