ராகு காலத்து ராக்கெட்

"அம்மா, கார் வாங்கினா எலுமிச்சம்பழம் வை. ஸ்கூட்டர் வாங்கினாலும் வை. விண்கலத்துக்குச் சக்கரமே கிடையாதும்மா. எதுக்குக் கீழே வைப்பே?"

ரகு கேட்டதும் சிந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தமயந்தி கையில் பழத்தோடு நின்றாள்.

அல்சூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் ரகுவின் கம்பெனி. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு சிந்து. அவ்வளவுதான். நல்ல வேலையை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருந்தான். எந்த எஞ்சினைப் பொருத்தினால் பக்கத்து நட்சத்திரத்துக்கு எத்தனை வருஷத்தில் போய்ச் சேரலாம் என்று பிள்ளைகள் விளையாடியே கற்றுக்கொள்ள வேண்டுமாம். திரையில் முதலில் வருவதே, 'மூடநம்பிக்கையை விடு, விண்ணைத் தொடு' என்ற வாசகம். ரகுவே எழுதியது.

இன்றைக்கு ஒரு பெரிய பள்ளியின் தலைமையாசிரியை மௌரீன் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பள்ளியும் அதன் கிளைகளும் வாங்கும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ரகு பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். சிந்துவும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"எத்தனை மணிக்குடா வர்றாங்க?"

"பதினொன்றரை."

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் ராகு காலம்டா. அரைமணி தள்ளி வரச் சொல்லேன்."

"என் கேம்ல எட்டு கிரகமும் இருக்கு. இதுல ராகு எங்கேன்னு காட்டு, தள்ளி வைக்கிறேன்." பழத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இது குப்பைக்குப் போகட்டும். மேடம் பார்த்தா நாம ராக்கெட் விடறோமா, திருஷ்டி கழிக்கிறோமான்னு கேப்பாங்க."

தமயந்தி ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டாள். பிள்ளை கூப்பிடாவிட்டால் என்ன, முருகன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

மௌரீன் சொன்ன நேரத்துக்கு டாணென்று வந்துவிட்டார். ரகு விளக்க ஆரம்பித்தான்.

"இது சாதாரண ராக்கெட் மேடம். இதுல போனா நட்சத்திரம் போய்ச் சேர எழுபதாயிரம் வருஷம் ஆகும்."

"அதுக்குள்ள என் பிள்ளைங்க எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிடுவாங்களா?"

"இது அயனி எஞ்சின். மெதுவாத்தான் கிளம்பும். ஆனா விடாம வேகம் ஏறிக்கிட்டே போகும்."

"எங்க ஆபீஸ் கிளார்க்கும் இப்படித்தான். முதல் பாதி மட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். மௌரீனுக்குப் பிடித்துவிட்டது போலத்தான் இருந்தது. "சரி, விடுங்க பார்க்கலாம்."

ரகு பட்டனை அமுக்கினான். திரை குப்பென்று இருண்டது.

"கரண்ட் போயிடுச்சு மேடம்."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் திரும்ப உயிர் பெற்று, தன் உடம்பு முழுவதையும் தானே சோதித்துக்கொண்டு எழுந்து உட்கார நேரமானது. ரகு மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் இருட்டு.

"சார், மேஜைக்குக் கீழே ஒயரைப் பார்க்கட்டுமா?" என்று சிந்து குனியப் போனாள்.

"வேண்டாம், வேண்டாம்! ஷாக் அடிக்கும்" என்று பதறிய ரகு, தமயந்தி பக்கம் திரும்பினான். "ராகு காலம், ராகு காலம்னு நீ வாயை வச்சே. படுத்துடுச்சு. இப்ப சந்தோஷமா?"

வெளி ஆள் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டானே! தமயந்திக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே என் வாய்தானோ? முருகா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், பிள்ளை பிழைப்பில் கை வைக்காதே.

மௌரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேகா, பேகா!" என்று கன்னடத்தில் விரட்டியும் பார்த்தார். கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "இன்னொரு நாள் பார்க்கலாம் மிஸ்டர் ரகு."

ரகுவின் முகம் வெளுத்தது.

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ளாஸ்கைத் திறந்தாள். "வந்தவங்க வெறும் வாயோட போகக் கூடாதும்மா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க. முறுக்கு நேத்து சுட்டது."

மௌரீனால் தட்ட முடியவில்லை. உட்கார்ந்தார். முறுக்குக்கு எத்தனை பங்கு உளுந்து என்று ஆரம்பித்த பேச்சு, அவர் மாமியார் வரைக்கும் போய் வந்தது. நடுவில் ரகு சுவர்க் கடிகாரத்தை நாலு தரம் பார்த்தான்.

"இப்ப பாருங்க மேடம்!"

மணி பன்னிரண்டைத் தாண்டி இரண்டு நிமிஷம். பட்டனை அமுக்கினான். விண்கலம் ஜம்மென்று கிளம்பி, நிலாவைத் தாண்டி, வியாழனைத் தாண்டிப் பறந்தது. மௌரீன் கை தட்டினார்.

"எல்லாக் கிளைக்கும் எடுத்துக்கிறோம். எங்க பிள்ளைங்களுக்கு இப்படி அறிவியல் மனசு வரணும். நீங்களே வந்து பேசணும்."

"கண்டிப்பா மேடம்" என்று ரகு நெஞ்சை நிமிர்த்தினான். "பார்த்தியாம்மா? எல்லாம் சயின்ஸ். உன் ராகுவா வந்து விட்டுது ராக்கெட்டை?"

சிந்து மறுபடியும் சிரித்தாள். தமயந்தி மேஜையடியில் உருண்டுபோன டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

கீழே கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற சிவப்பு சுவிட்சின் மேல் ரகுவின் இடது ஷூ நுனி இன்னும் ஊன்றியபடியே இருந்தது. வலது ஷூவுக்கு அடியில் அவளுடைய எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

தமயந்தி நிமிர்ந்து, மகன் காதருகில் மெதுவாகச் சொன்னாள்:

"மேடம் பார்க்கறதுக்குள்ள வலது ஷூவைத் துடைச்சுக்கோ கண்ணா. விதை ஒட்டிக்கிட்டிருக்கு."