அமைதி அறையில் அரை மணி நேரம்

“இன்னைக்கு மூணு மணிக்கு நீங்க அமைதி அறைக்குப் போகணும்மா” என்று மேனேஜர் சொன்னதும் அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

“நானா சார்? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“நல்லா இருக்கறவங்களும் போகணும். அரை மணி நேரம், அவ்வளவுதான்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே நகர்ந்துவிட்டார்.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை கண்டவர் திட்டையும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் வேலை. எந்தத் திட்டுக்கும் முதல் பதில் ‘மன்னிச்சுக்கோங்க’ என்பது அங்கே எழுதி ஒட்டிய சட்டம். ஆறு வருடத்தில் அந்த வார்த்தை அவள் நாக்கில் குடியேறிவிட்டது. பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால்கூட, மன்னிப்புக் கேட்பது அவளாகத்தான் இருக்கும்.

அமைதி அறை போன மாதம் வந்தது. ஊழியர்கள் தனியாக உட்கார்ந்து மனதைத் தெளிய வைத்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிய நல்ல எண்ணம். உள்ளே போன நான்கு பேரும் வெளியே வந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்கள். மேஜை மேல் ஒரு கவர் இருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மறுநாள் அவர்களுடைய சீட் காலி.

பக்கத்து சீட் அக்கா கையைப் பிசைந்தாள். “நேத்து அந்தக் கீச்சுக்குரல் பொண்ணு, சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுத்துக்காம பின்பக்கப் படி வழியாப் போயிட்டாடி. ஆளைக் குறைக்கறாங்க.”

“போன் பண்ணிப் பாத்தீங்களாக்கா?”

“நாலு பேருக்கும் பண்ணேன். ஒருத்தர்கூட எடுக்கலை. அவமானமா இருக்காதா பின்ன?”

அவளுக்கு வீட்டு நினைப்பு வந்தது. பெயின்டரான கணவர் ஏணியிலிருந்து விழுந்து, மாவுக்கட்டுக் காலோடு இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான்.

கழிவறைப் பக்கம் போய்க் கணவருக்குப் போன் போட்டாள். “ஏங்க, இன்னைக்கு என்னை உள்ள அனுப்பறாங்க.”

“உள்ளயா? போலீஸ் வந்துருக்கா?” என்று பதறினார் அவர்.

விஷயத்தைச் சொன்னாள்.

“பரவாயில்ல, பயப்படாதே. அடுத்த வாரமே நான் ஏணி ஏறிடறேன்” என்றார். தலையணை இல்லாமல் அந்தக் காலைத் தூக்கக்கூட முடியாத மனிதர். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு போனை வைத்தாள்.

மூன்று மணிக்கு அமைதி அறைக்குள் நுழைந்தாள். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. தரையில் ஒரு பாய், மூலையில் மங்கலான விளக்கு, ஒரு ஸ்டூல். தெரியாமல் ஸ்டூலை இடித்துவிட்டு, “மன்னிச்சுக்கோங்க” என்று அதனிடமும் சொன்னாள்.

ஸ்டூலின் மேல் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன. ‘மனதில் தோன்றுவதை எழுதுங்கள்’ என்று அட்டையில் அச்சடித்திருந்தது.

திட்டு விழாத காது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மைதான் அவளை அதிகமாக மிரட்டியது. இதயம் திக்திக்கென்று அடிப்பது வெளியே கேட்டுவிடுமோ என்றுகூட பயந்தாள். கேமரா இருக்குமோ? தான் உட்காரும் லட்சணத்துக்கும் மார்க் போடுவார்களோ?

கடைசி ஐந்து நிமிடத்தில் பேனாவை எடுத்தாள். அவசரமாக எழுதினாள்: ‘ஐயா, தயவுசெய்து என்னை நீக்கிவிடாதீர்கள். டீ இடைவேளை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன்.’ தாளைக் கிழித்து, நான்காக மடித்து, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

மேனேஜர் அறையில், நினைத்தபடியே மேஜை மேல் கவர் இருந்தது.

“சார், மன்னிச்சுக்...”

“இருங்கம்மா. முதல்ல அதைப் பிரிச்சுப் படிங்க.”

கவரைப் பிரித்தாள். கீச்சுக்குரல் பெண்ணின் கோணல் கையெழுத்து. ‘நான் வேலையை விட்டு விலகுகிறேன். இனிமேல் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.’

அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். “அப்போ... நீங்க யாரையும் அனுப்பலையா சார்?”

“நானா?” மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நிம்மதியா யோசிக்கட்டும்னு மேலிடத்துல அறையைக் கட்டினாங்க. எல்லாரையும் வரிசையா அனுப்பியே ஆகணும்னு உத்தரவு வேற. யோசிச்சுட்டாங்கம்மா! வெளியே வந்து ஆளுக்கொரு ராஜினாமாவை நீட்டினாங்க. விஷயம் பரவினா மொத்தப் பேரும் கிளம்பிருவாங்கன்னு நான்தான் பின்பக்கப் படி வழியா அனுப்பினேன். கெஞ்சிக் கூப்பிடலாம்னு பாத்தா, ஒருத்தரும் போனை எடுக்கறதில்ல. இந்த ஜென்மத்துல இனிமே போனே எடுக்க மாட்டாங்களாம், லெட்டர்லயே எழுதிருக்காங்க!”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். தண்ணீர் தளும்பி மேஜையில் சிந்தியது.

“ஆறு வருஷ அனுபவம் உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்களும் போயிட்டா அடுத்தது என் சீட்டுதான்.” அவர் பார்வை அவள் கைக்கு வந்து அங்கேயே நின்றது. முகம் வெளுத்தது. “அது என்ன பேப்பர்? ஐயோ, நீங்களும் எழுதிட்டீங்களா?”

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். ஆறு வருட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடித்த தாளைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை மூடினாள்.

“எழுதிட்டேன் சார்” என்றாள் நிதானமாக. “குடுக்கறதா வேண்டாமான்னுதான் யோசிச்சுட்டிருக்கேன்.”