வெள்ளிக்கிழமைச் சோறு

"நான் வச்ச கொழம்புல அப்படி என்ன குத்தம், மதினி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள் அக்சா. தோளில் துணிப்பை தொங்கியது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலும் சேர்ந்து தலைக்குள் சம்மட்டி அடித்தன. நாத்தனார் வீட்டு வாசலில் கணவனின் செருப்பைப் பார்த்ததும் வலி இன்னும் கூடியது.

ஜெபக்கனி உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாப் பேசு. உள்ள வா, மொதல்ல தண்ணி குடி."

"தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இவள் தம்பி சாப்பிடும்போது யாரும் சத்தம் போடக்கூடாதாக்கும் என்று அக்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கணவன் பெனினுக்கு இதே ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. தினமும் அவள் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு ராஜபாளையத்திலிருந்து வந்து போகிறவன். ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு வாய்ச்சண்டை. அவன் அவளுடைய அம்மாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவள் பதிலுக்கு அவன் பரம்பரையையே இழுத்தாள். அதன்பிறகு வீட்டில் பேச்சு என்றால் குழாயில் தண்ணீர் வந்ததும் சிலிண்டர் தீர்ந்ததும்தான்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமையானால் போதும், அவள் விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கட்டிவைத்த டிபன் கேரியரை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவன் நேரே அக்கா வீட்டுக்குப் போகிற சங்கதியைப் பக்கத்து டீக்கடை காசிராஜன்தான் போனில் வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

அத்தனையையும் அக்சா கொட்டித் தீர்த்தாள். ஜெபக்கனி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. முறுக்குத் தட்டை அக்சா திரும்பியும் பார்க்கவில்லை.

"அதுகூடப் போகட்டும். மத்த நாளெல்லாம் அவியளுக்கு இஞ்சி தின்ன மூஞ்சி. வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்கு எண்ணெய் வச்சு, வழவழன்னு வாரி, சிரிச்ச முகமாக் கெளம்புதாக. எஞ்சோத்தைத் திங்காத அன்னைக்கு அம்புட்டுச் சந்தோசம்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்சாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வ. புதுப்பட்டிக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போகப்போவதாகவும், இனி ராஜபாளையம் திரும்புகிற எண்ணம் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் பையை இழுத்து மாட்டினாள்.

"இனிமே ஒங்க தம்பிக்கு நீங்களே பொங்கிப் போடுங்க."

"ஏட்டி, செத்த நேரம் நில்லு." ஜெபக்கனி அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு நடத்திப் போனாள். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் அங்கே அடங்கியிருந்தது. ஒருக்களித்த கதவின் இடுக்கைக் காட்டினாள்.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே பெனின் முழங்காலில் இருந்தான். இலையும் இல்லை, தட்டும் இல்லை. எண்ணெய் மினுங்கும் தலை கட்டில் விளிம்பில் கவிழ்ந்திருந்தது.

"ஆண்டவரே, அவ அம்மாவை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீர்தான் என் வாயைத் திறக்கணும்."

அக்சா தோளில் மாட்டிய பையை இறக்கினாள்.

ஜெபக்கனி அவளை அடுப்படிக்குக் கூட்டி வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கதைதான். பொழுது சாய்கிற வரை அவன் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்காத குறை.

"உபவாசம் இருக்கவன் மூஞ்சியத் தொங்கப் போடக் கூடாது, தலைக்கு எண்ணெய் வச்சு முகங்கழுவி இருக்கணும்னு வேதத்துல இருக்குல்ல? அதை அந்தப் பய அப்படியே பிடிச்சுக்கிட்டான். எஞ்சோத்தையும் அவன் தொடல, தாயி."

சொல்லிக்கொண்டே தட்டில் சுடுசோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, அக்சாவின் முன்னால் வைத்தாள்.

"அவன் பட்டினி கெடக்கதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. நீ வந்ததுலருந்து தண்ணிகூடத் தொடாம இருக்கே. கோவத்தைச் சோத்துல காட்டலாமா? ரெண்டு வாயாவது அள்ளிப் போடு."

அக்சா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தாள்.

"கோவம் இல்ல மதினி," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "நானும் வெள்ளிக்கிழமை உபவாசந்தான். ஒங்க தம்பி திருந்தணும்னு."