ஆடிக்கு வந்தவள்

‘ஸ்டே’ வைத்து ஐந்து வாக்கியம், ‘லிவ்’ வைத்து ஐந்து வாக்கியம். ஒன்பதரை பஸ்ஸுக்குள் எழுதியாக வேண்டும்.

ஸ்டே ஐந்தும் மளமளவென்று வந்துவிட்டன. லிவ்வில் பேனா நின்றுவிட்டது.

எல்லாம் நேற்று வந்த வினை. உத்தமபாளையத்தில் ஷாஜியா டீச்சர் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது. அதற்கு ஒத்திகை பார்த்தோம். எங்கே குடியிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ஐ ஆம் ஸ்டேயிங் இன் அனுமந்தன்பட்டி” என்றேன். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

“எத்தனை நாளைக்குப் பவானி?” என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

நாலு நாள் தங்கினால் ஸ்டே, சொந்த இடமென்று குடியிருந்தால் லிவ் என்று விளக்கினார். அது மட்டும் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் என்ன பொய்யா சொன்னேன்? அம்மாவே ஊருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்.

புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். ஒன்றரை வருடத்துக்கு முன் அப்படி வந்தவள்தான் நான். ஆடி முடிந்ததும், அங்கே வாங்கிய அடி போதும், இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் ஆடிக்கு வந்திருக்கிறாள் என்பாள்.

இப்போது மாசி. நடுவில் இன்னொரு ஆடியும் போய்விட்டது. என் சேலைகள் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்டர்வியூவுக்கு இந்த ஊருல இருக்கேன்னு சான்று கேக்குறாகம்மா. நான் எதைக் கொண்டுபோயி குடுக்க?”

“டப்பாவுல ரேஷன் கார்டு இருக்கும், எடுத்துப் பாருத்தா” என்றாள் அடுப்படியிலிருந்து.

பார்க்க என்ன இருக்கிறது? கல்யாணமான மறுவாரமே அந்தக் கார்டிலிருந்து என் பெயரை எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் கடைசிவரை சேர்க்கவும் இல்லை. எந்தக் கார்டிலும் இல்லாதவள் நான். அம்மா கார்டை யார் கையிலும் கொடுத்ததும் இல்லை, ரேஷன் கடைக்கு அவளேதான் போவாள்.

வீம்புக்குத்தான் டப்பாவைத் திறந்தேன்.

கார்டோடு ஒரு தாளை நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. இ-சேவை மையத்தில் தந்த ரசீது.

பெயர் சேர்க்க விண்ணப்பம். சேர்க்க வேண்டிய பெயர்: பவானி. விண்ணப்பித்தவர்: குடும்பத் தலைவி சங்கிலியம்மாள்.

தேதியைப் பார்த்தேன். போகமாட்டேன் என்று நான் சொன்னதற்கு மறுநாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ராமுத்தாயின் குரல் கேட்டது. “என்ன மதினி, மக இன்னும் போகலையா?”

“ஆடிக்கு வந்தவ, இருந்துட்டுப் போறா” என்றாள் அம்மா, கரண்டியைக் கீழே வைக்காமல்.

வழக்கமாக எரிச்சல் வரும். இன்று அழுகைதான் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். ‘ஐ லிவ் வித் மை மதர்’ என்று எழுதினேன். அதற்குக் கீழேயும் அதையே எழுதினேன். ஐந்துக்கும் அதேதான்.

டீச்சர் திட்டுவார். திட்டட்டும்.