ஏழாம் எண் கிணறு

"பத்துக் கிணறு இறங்குது. ஒண்ணு மட்டும் மார்ச்ல நின்ன இடத்துலயே நிக்குது. நேர்ல போய் அளந்தியா, ஹாஸ்டல்ல உக்காந்து எழுதினியா?"

பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏசுபாதம் அளவுக் குறிப்பேட்டை மேசைமேல் விரித்துக் காட்டினான்.

"அளந்துதான் சார் எழுதினேன். எல்லா ஞாயித்துக்கிழமையும்."

"அப்ப காரணம் எங்கே? காரணம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். விசாரிச்சு எழுதிக் கொண்டா. திங்கக்கிழமை கடைசி நாள்."

ஏசுபாதம் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிப்பவன். அஸ்தினாபுரத்துக் கிணறுகளின் நீர்மட்டம்தான் அவன் ஆய்வு. கையெழுத்து இல்லை என்றால் பட்டம் இல்லை. படப்பையில் அவன் வீட்டில் கல்லூரிக்குப் போனது அவன் ஒருவன்தான்.

அன்று மாலையே ரயிலேறிக் குரோம்பேட்டையில் இறங்கினான்.

ஏழாம் எண் கிணறு கங்கையம்மாளுடையது. கீரை விற்பவள். கிணற்றின் மேல் இரும்பு மூடி, அதில் ஒரு பூட்டு. ஞாயிறு காலை அவன் டேப்போடு போனால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறப்பாள். அளந்ததும் பூட்டிவிடுவாள்.

1987-ஆம் ஆண்டுக் கோடை. தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. வரிசையில் இருந்தவர்களிடம் கங்கையம்மாளைப் பற்றி விசாரித்தான்.

"அவளா? அதோ, கடைசில நிக்கிறா பார்," என்றாள் வரிசையில் முன்னால் நின்ற முனியம்மா. "சொந்தக் கெணத்தப் பூட்டி வெச்சுகினு லாரித் தண்ணிக்கும் பங்குக்கு வந்துட்டா மகராசி."

"ஏன் பூட்டி வச்சிருக்காங்க?"

"இன்னாத்துக்கு? வெலை ஏறட்டும், அப்பால விக்கலாம்னுதான். வேற இன்னா?"

பக்கத்து வீட்டு ஜஹீரா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "பத்து வருஷமா அவங்க கெணத்துத் தண்ணிதான் தம்பி குடிச்சோம். இந்த நோன்புக்கு ரெண்டு கொடம் கேட்டேன். மூஞ்சிக்கு நேரா இல்லேன்னுட்டாங்க. அதோட பேச்சு நின்னுபோச்சு."

கங்கையம்மாளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவள் தன் காலிக் குடத்துக்குள் பார்த்தபடி நின்றாள்.

அவளிடம் போய்க் கேட்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் தாம்பரத்தில் டைப் அடிக்கக் கொடுத்தான். ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஏழாம் எண் கிணற்றில் மட்டம் குறையாததற்குக் காரணம் உரிமையாளரின் சுயநலம். பின்னால் விற்பதற்காக அவர் நீரைப் பூட்டி வைத்திருக்கிறார்.

சார் சனிக்கிழமை படித்துவிட்டுத் தலையாட்டினார். "இப்ப சரியா இருக்கு. பைண்ட் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுடலாம்."

ஞாயிறு, கடைசி அளவு. பைண்ட் செய்த அறிக்கை அவன் தோள்பையில் இருந்தது. இந்த ஓர் அளவுக்கு மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

கங்கையம்மாள் பூட்டைத் திறந்தாள். அவன் டேப்பை இறக்கினான். பதினாலு அடி. மார்ச்சில் இருந்த அதே பதினாலு.

"அவ்ளோதாங்க அக்கா. அளக்கிற வேலை முடிஞ்சுது. இனிமே வர மாட்டேன்."

"முடிஞ்சுதா? நெசமாவா?"

அவள் மூடியைப் போடவில்லை. பூட்டைக் கையில் வைத்தபடியே பக்கத்துச் சுவரோரம் போனாள்.

"ஜஹீரா, கொடத்த எடுத்துகினு வாம்மா. தண்ணி மொண்டுக்கலாம்."

அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கங்கையம்மாள் பூட்டோடு கிணற்றடிக்குத் திரும்பி வந்தாள்.

"நீங்க தண்ணிய விக்கப் போறதா சொன்னாங்களே அக்கா," என்றான் ஏசுபாதம்.

"தண்ணியவா? அத யாராவது விப்பாங்களா?"

"அப்ப எதுக்குப் பூட்டினீங்க?"

அவள் அவனை வியப்பாகப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, மறந்துட்டியா? மொத நாள் வந்தப்ப, எதுக்கு இத அளக்குறேன்னு கேட்டேன். எங்க வூட்ல நான்தான் மொதல்ல படிக்கிறேன், தண்ணி மட்டத்தப் பாத்துதான் மார்க்கு போடுவாங்கன்னு நீதானே சொன்னே. மார்ச்ல மட்டம் எறங்க ஆரம்பிச்சப்ப உன் மூஞ்சி அப்படியே வாடிப்போச்சு. அன்னிக்கே போய் பூட்டு வாங்கிகினு வந்தேன்."

அவன் தோள்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா, எவன் மார்க்குக்கோ நாங்க ஏன் காயணும்னு உன்னத் திட்டுவாங்க. என்னத் திட்டினா போவுது." அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "நானே ஒரு சொம்பு மொள்ளல தம்பி. ஒரு அங்குலம் கூட எறங்க வுடல. பாஸ் போட்டுடுவாங்க, இல்ல?"